ஸ்டேஷனுக்குப் போன கிடா

மழையில் நனைந்த ஆட்டு ரோமத்தின் வாசனை எங்கே எழுந்தாலும், அதன் பின்னாலேயே கரிப்புகை வந்துவிடுகிறது எனக்கு. ரயிலே இல்லாத ஊரிலும் வருகிறது. ஆடு, புகை, ஆவடி ஸ்டேஷன், வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த அந்த ஐப்பசிக் காலை.

நெமிலிச்சேரியில் எங்களுக்கு ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவள் பெரியம்மா. கோயிலை ஒட்டிய கொட்டகையில் பாய் விரித்து உட்காருவோம். அந்த வாரத்துக் கதை, மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன ஆபிரகாம். கத்தியை ஓங்கிய நேரம், புதரில் கொம்பு சிக்கி ஒரு கிடா நிற்கிறது. மகன் பிழைத்தான், கிடா போயிற்று.

எனக்குக் கேள்விகள் கிளம்பிவிட்டன. கிடாவை அங்கே கொண்டுவந்து விட்டது யார்? எவனாவது மேய்க்கப்போய்த் தொலைத்ததா? அது கொஞ்சம் பிந்தியிருந்தால்?

"அந்தப் புள்ளையோட அம்மாவுக்குத் தெரியுமா பெரியம்மா?"

"எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபம் பண்ணலாம்" என்றாள். நான் மூடாமல் பார்த்தேன். அவளும் மூடவில்லை.

அவளுடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். கொடுக்க வைத்தவர் பெரியப்பா. புதன்கிழமை ரயில்.

வீடே வாடிக் கிடந்தது. எனக்கோ துளிப் பயம் இல்லை. கதை எப்படி முடியும் என்பதுதான் தெரியுமே. ஒரே ஒரு சந்தேகம்: ஆவடி ஸ்டேஷனில் புதர் கிடையாது. கிடா எங்கே வந்து சிக்கும்? கடவுளுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தால் என்ன என்று தோன்றியது. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் படைக்கவென்றே எங்கள் கொட்டிலில் ஒரு கிடா வளர்ந்துகொண்டிருந்தது. எப்படியும் அவருடையதுதான். புதன்கிழமை எல்லோரும் முன்னால் கிளம்பிப் போனதும் கயிற்றை அவிழ்த்தேன். தூறலில் பாதி வழி நான் அதை இழுத்தேன். பாதி வழி அது என்னை இழுத்தது.

பிளாட்பாரத்தில் நின்ற ஹவில்தாரிடம் கயிற்றை நீட்டினேன்.

"இன்னாம்மா இது?"

"அண்ணாத்தேக்குப் பதிலு. இத்த இட்டுகினு போயி, அவர உட்டுடுங்க."

பட்டாளத்துக்குப் போகிற பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். "கொழம்புக்கு ஆவும். துப்பாக்கி புடிக்குமா, கேட்டுச் சொல்லு" என்றார் ஹவில்தார்.

"பண்டிக ஆட்ட எவ அவுத்தாந்தது? கய்தே!" என்று பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

பெரியம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. ஹவில்தாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கயிற்றை வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார் என்பதுபோல. வேதத்தில் அத்தனை வசனம் பாராமல் சொல்லக்கூடியவள். அந்தப் பார்வை எதைக் கேட்டது என்று புரிய எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவன் மீசை அரும்பி, அவனும் ஒருநாள் வாசல் தாண்ட வேண்டியிருந்தது.

வண்டி ஊதிற்று. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி கிடாவின் ஈரக் காதைத் தடவினான். அவன் அடுத்துச் சொன்னது எனக்கு நல்ல வேடிக்கையாகப் பட்டது. வண்டியோடு ஓடிக்கொண்டே சிரித்தேன்.

"அத்த பத்திரமா ஊட்டுக்கு இட்டுகினு போ புள்ளே. அதுக்குப் பதிலா நான் போறேன்."