கொலுப்படியில் ஒரு தலைகீழ்ச் சாமி

திருவண்ணாமலைக்கு எதற்குப் போனாய் என்று கேட்டவர்களிடம் ‘ஒரு பொம்மை வாங்கிவர’ என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மலை சுற்றவில்லையா, கோயிலுக்குப் போகவில்லையா என்றுதான் அடுத்த கேள்வி வந்தது. போனேன், கொஞ்சம் சுற்றினேன், அதெல்லாம் பிறகு. பொம்மைக்காகப் போன வருடம் அக்டோபரில், 2007இல், ஒரே வாரத்தில் இரண்டு முறை பஸ் ஏறினேன். நவராத்திரி சமயத்தில் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

என் தம்பி கார்த்தி ஆடுகிறவன். கடற்கரையில் அட்டையை விரித்துப்போட்டு, ஒற்றைக் கையில் தலைகீழாக நின்று சுழல்வார்களே, அந்த ஹிப் ஹாப் ஆட்டம். அப்பா அதைக் கரணம் போடுவது என்பார். ஆட்டத்தோடு கூடவே இன்னொரு பைத்தியமும் அவனைப் பிடித்துக்கொண்டது: ஹிப் ஹாப் ஆட்களையும், சுவர்களில் பெயின்ட் அடித்துப் பேர் எழுதும் கிராஃபிட்டி ஆட்களையும் போலச் செய்த ஒரு சாண் உயர வினைல் பொம்மைகள். குழந்தைகள் விளையாட அல்ல, பெரியவர்கள் சேர்த்து வைப்பதற்காகவே குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்பவை. விலையைக் கேட்டால் அம்மா மயங்கி விழுவாள் என்பதால் வீட்டில் எல்லாமே ‘நண்பன் கொடுத்தது’.

நான்கு பேர் கொண்ட ஒரு பொம்மைக் கூட்டத்தில் மூன்று பேர் அவனிடம் இருந்தார்கள். இசைத்தட்டு சுழற்றுகிறவன், மைக் பிடித்தவன், தோளில் பெரிய டேப் ரெக்கார்டரைச் சுமப்பவன். நாலாவது ஆள்தான் ஆட்டக்காரன். காவிக்கலர் முக்காட்டுச் சட்டை, ஒரு கை தரையில், மறு கையில் பெயின்ட் ஸ்ப்ரே டப்பா, இரண்டு காலும் ஆகாயத்தில். கார்த்தி அவனை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் பைக்கிலிருந்து விழுந்து கார்த்தியின் முழங்கால் போனது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆடுவதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றோடு அவன் பேச்சு நின்றது. மூன்று பொம்மைகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி வாங்கியும், “ஆட முடியாத காலுக்கு எதுக்கு ஆபரேஷன்? நான் வரல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா அழுதாள், அப்பா கத்தினார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பொம்மை தேடினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பொம்மை சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் மத்தியாஸ் என்ற ஜெர்மன்காரர் பதில் போட்டார். அவரிடம் நாலாவது ஆள் இருக்கிறான். அவர் இருப்பது திருவண்ணாமலையில். காசு வேண்டாம், வந்து வாங்கிக்கொள் என்று விலாசமும் கொடுத்திருந்தார். உலகமெல்லாம் தேடிய பொம்மை செஞ்சிக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிறுத்துவார்கள். அங்கே காபி குடிக்காதீர்கள், செஞ்சி தாண்டும் வரை அதன் ருசி நாக்கை விட்டுப் போகாது. போகும்போது இடதோ வலதோ, ஜன்னல் சீட் முக்கியம். கீழ்பென்னாத்தூருக்கு முன்பே மலை தெரிய ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பொம்மை கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் பாஷா என்ற ஆட்டோக்காரர் விலாசத்தைப் பார்த்தார். “செங்கம் ரோட்டுல வசந்தி டீச்சர் வூடுங்க. அந்த மாடியில இருந்த வெள்ளைக்காரரு போன வாரமே ஊருக்குப் போயிட்டாரே?” என்றார்.

நாற்பது ரூபாய் சொன்னவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முப்பத்தஞ்சு குடுங்க, ஏறுங்க” என்றார். ஜாஸ்தி பேசாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வசந்தி டீச்சருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். கதவைத் திறந்ததுமே, “மெட்ராஸ்லேர்ந்து வர்றீங்களா? பொம்மைக்கா? வாங்க வாங்க, அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. விசா முடிஞ்சுபோச்சுன்னு அவசரமாக் கெளம்பிட்டாரு” என்றார். போன உயிர் எனக்குத் திரும்ப வந்தது.

உள்ளே கூடத்தில் ஏழு படிக் கொலு. தசாவதாரம், செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம். மேலேயிருந்து மூன்றாம் படியில் முனிவர்கள் வரிசை. தாடி வைத்த அகத்தியருக்கும், கண்ணை மூடிய இன்னொரு ரிஷிக்கும் நடுவில், தலைகீழாக, காவி முக்காட்டோடு நம் ஆள். நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு விபூதி. தரையில் ஊன்றிய கைக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி.

“எல்லாரும் இவரைத்தாங்க முதல்ல பாக்குறாங்க” என்றார் டீச்சர் பெருமையாக. “ஒத்தக் கையில தலைகீழா தவம் பண்றாரு பாருங்க. இன்னொரு கையில கமண்டலம். நம்ம ஊருல மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வெள்ளைக்காரங்க இப்படித்தானே நிக்கிறாங்க. எந்த யோகின்னுதான் தெரியல. பக்கத்து வூட்டுக்காரங்க தலைகீழ்ச் சாமின்னு பேரு வெச்சுட்டாங்க.”

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

டீச்சர் முகம் மாறியது. “ஐயோ, இப்பவா? நீங்க நவராத்திரி கழிச்சு வருவீங்கன்னு நெனச்சில்ல வெச்சேன். படியில ஏத்துன பொம்மையை நடுவுல எறக்கக் கூடாதுங்க. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, மறுநாள்தான் எறக்குவோம். உங்க பொம்மைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப கை வெக்க முடியாது.”

விஜயதசமி அடுத்த ஞாயிறு. ஆபரேஷன் இந்த வியாழன். எனக்கு முன்கோபம் உண்டு, தெரிந்தவர்களுக்குத் தெரியும். “அவர் சாமியே இல்லைங்க! டான்ஸ் ஆடுறவர்!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சுண்டல் சாப்பிட வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் கோபிக்கவில்லை. படியருகே குனிந்து பார்த்தார். “டான்ஸா? அப்ப அது கமண்டலம் இல்லையா?”

“பெயின்ட் டப்பா. சுவத்துல எழுதறதுக்கு.”

“எந்தக் கட்சி?”

“கட்சி இல்லைங்க. அவங்க சொந்தப் பேரை எழுதுவாங்க.”

“சொந்தப் பேரா? சுவத்துக்காரன் சும்மா வுடுவானா?”

விடமாட்டான், போலீஸ் துரத்தும் என்றேன். அந்த இரண்டு பெண்களில் ஒருவருக்குப் புரையேறியது. டீச்சரும் சிரித்துவிட்டார். “ஆடுறவர்னா நடராஜர் பக்கத்துல வெச்சிருக்கணும். இனி நகர்த்தவும் முடியாது. இருக்கட்டும், ஆடுறதும் ஒரு தவம்தானே” என்று சொல்லிக்கொண்டே என்னை உட்காரவைத்தார். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கார்த்தி, முழங்கால், வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுப் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார். எடுத்துக் கொடுக்க முடியாதது அவருக்கும் வேதனையாகத்தான் இருந்தது. “போட்டோ புடிச்சுக்குங்க. தம்பிகிட்டக் காட்டுங்க. அவன் பேரு என்ன? தெனமும் பூசையில சொல்றேன்” என்றார்.

போட்டோ எடுத்தேன். தாம்பூலம், குங்குமம், ஒரு டப்பா நிறையச் சுண்டல் எல்லாம் கிடைத்தது. பொம்மை கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கோயிலுக்குப் போய்விட்டு மலைப்பாதையில் நடந்தேன். முழுச் சுற்று பதினான்கு கிலோமீட்டர். நான் அடி அண்ணாமலையில் ஒரு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன், அதனால் முழுதாகச் சுற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே ஒரு நீளச் சுவரில், தேர்தலுக்கு எத்தனையோ வருடம் முன்பே ஒரு கட்சிக்காரர் பேர் எழுதி இடம் பிடித்து வைத்திருந்தார். டீச்சரின் கேள்வி ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கார்த்தியிடம் கேமராவை நீட்டினேன். முதலில் வாங்க மாட்டேன் என்றான். பிறகு வாங்கினான். பார்த்துக்கொண்டே இருந்தான். “அக்கா, இது அவன்தானா? நெத்தியில என்ன, விபூதியா?” என்றான். கமண்டலம் கதையைச் சொன்னேன். ‘எந்தக் கட்சி’ என்ற இடத்தில் கட்டிலே ஆடும்படி சிரித்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு. அம்மா கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிப் பைலை எங்கே வைத்தாய் என்று அவனே கேட்டான். வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பொம்மையை அன்றே கொண்டுவந்திருந்தால் இப்படிச் சிரித்திருப்பானா என்று தெரியாது. டீச்சர் மறுத்ததற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

விஜயதசமி ஞாயிறு மதியம் மறுபடி அதே பஸ், அதே எழுபத்தைந்து ரூபாய், அதே பாஷா. லாட்ஜில் ரூம் எடுக்கப் போனவளை டீச்சர் விடவில்லை. “இருநூத்தம்பது ரூபாயை அங்க ஏன் குடுக்கணும்? இங்க படுங்க.” சாயங்காலம் விளக்கேற்றி ஆரத்தி எடுத்தார். அதன் பிறகு ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். வழக்கமாக மரப்பாச்சியைத்தான் வைப்பார்களாம். டீச்சரின் கை மரப்பாச்சி வரைக்கும் போய் நின்றது. பிறகு மேலே போனது.

நம் ஆளை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பி, ஒரு சின்ன மடித்த துண்டின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்.

“பாவம், இத்தினி நாளா ஒத்தக் கையிலயே நின்னுக்கினு இருந்தாரு. முதல்ல இவரு கொஞ்சம் படுக்கட்டும்” என்றார்.

நான் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கார்த்தியிடம் அதை அப்படியே சொன்னேன். “அவங்களுக்கு என்னைப் பத்தித் தெரியுமில்ல?” என்றான். தெரியும், தினமும் உன் பேரைச் சொல்லியிருக்கிறார் என்றேன். “சரி, நானும் படுத்துக்கறேன்னு சொல்லு” என்றான்.

திங்கட்கிழமை காலை பொம்மையைப் பழைய காட்டன் புடவைத் துண்டில் சுற்றி, சுண்டல் டப்பாவோடு என் பையில் வைத்தார் டீச்சர். விபூதியைத் துடைக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். பாஷா பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, “தம்பி நல்லா ஆயிட்டா கூட்டிக்கினு வாங்க” என்றார். பஸ் கீழ்பென்னாத்தூர் தாண்டும் வரை திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். காபி குடிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பௌர்ணமியன்று போகாதீர்கள், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. நவராத்திரியில் போனால் கூட்டம் கம்மி, கொலு வைத்த வீடுகளில் தெரியாதவர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். வெறுங்கையோடு போகாமல் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிப்போங்கள். பாடச் சொன்னால் பாடிவிடுங்கள், என் குரலுக்கே சுண்டல் கொடுத்தார்கள். பகலில் மலைப்பாதை சுடும். காலை ஐந்தரைக்கே நடக்க ஆரம்பிப்பது நல்லது. ஆட்டோ முப்பத்தைந்து ரூபாய்க்கு மேல் இல்லை. முக்கியமாக, கையில் தேதி வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் உங்கள் வேலைக்கு வரும், அதை நானே பார்த்துவிட்டேன்.

கார்த்தி மூன்று பொம்மைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் நிறுத்தினான். நாலாவது ஆளை மட்டும் நிறுத்தவில்லை. அதே புடவைத் துண்டின்மேல், தன் தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டான். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. படுக்கை தட்டும்போது அம்மாவும் அதைப் பக்குவமாக எடுத்து, பக்குவமாகத் திருப்பி வைத்துவிடுவாள்.

போன வாரம் ஒரு காலையில் காபி கொடுக்க அவன் அறைக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. மூலையில் சாத்தி வைத்திருக்கும் ஆட்டத்து அட்டையையும் காணோம். அலமாரியில் நாலாவது ஆள், நெற்றியில் விபூதியோடு, ஒற்றைக் கையில் நின்றுகொண்டிருந்தான்.