வளையத்தில் விழுந்த வரப்பு

அக்காவின் பட்டறையில் தேறாத வளையங்களை உரச் சாக்கில் போட்டு வைப்போம். சாக்கு நிரம்பினால் டீக்கடை அடுப்புக்குப் போகும். வழக்கமாக ஒரு சாக்கு நிரம்பப் பல வாரம் ஆகும். அந்த முறை ஒரே வாரத்தில் வாய் கட்ட முடியாமல் நிரம்பியது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே தகரக் கூரை போட்ட பட்டறை அது; அதை நடத்துபவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கல்வராயன் மலையடிவாரப் பட்டா நிலங்களிலிருந்து வரும் வேப்பமரத்தைப் பலகையாக அறுத்து, பல் முளைக்கும் குழந்தைகள் கடிப்பதற்கான வளையங்களைச் செய்கிறோம். நாளிதழ் ஒன்றில் பல வருடம் செய்தி திருத்திக்கொண்டிருந்த நான், இப்போது இங்கே சரக்கைச் சரிபார்த்துப் பெட்டி கட்டுகிறேன்.

வளையம் வெட்டும் மெஷினை ஓட்டுபவர் கருணாபுரத்திலிருந்து வரும் ஒரு பெண். முன்பு கரும்பு வெட்டப் போனவர். இங்கே உப்புத்தாள் பிடித்து வளையம் தேய்க்கும் வேலைக்கு வந்து, பிறகு மெஷினுக்கு மாறினார். மெஷினின் சுழலும் தலையில் விரல் அகலத்தில் இரண்டு எஃகுக் கட்டர்கள் உண்டு. ஒன்று வளையத்தின் வெளி வளைவையும் மற்றது உள் வளைவையும் செதுக்கும். இரண்டும் பலகையின் பாதிக் கனம் வரைதான் இறங்கும். நடுவில் உள்ள துரப்பணம் மட்டும் பலகையை முழுக்கத் துளைத்துவிடும். பலகையைப் புரட்டி, அந்தத் துளையை மேஜையில் நிற்கும் முளையில் உட்கார வைத்து, மறுபக்கமும் வெட்டினால் வளையம் கழன்று விழும்.

இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடம் கைக்குத் தெரியக் கூடாது. அந்த வாரம் தெரிந்தது. வளையத்தின் இடுப்பைச் சுற்றி மெல்லிய மேடு ஓடியது. தேய்க்கும் பெண்கள் அதற்கு வரப்பு என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு தேய்த்தும் வரப்பு கரையவில்லை. குழந்தையின் ஈறில் படும் பொருள் என்பதால், வாங்குபவர் ஒரு பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"நீ பேசிக்கினே வெட்டுற. பலகை முளையில உக்காரல" என்றார் அக்கா.

"நான் எங்கக்கா பேசுறேன்? மெஷின் போடுற சத்தத்துல எம் பேச்சு எனக்கே கேக்காது."

"அப்ப வரப்பு எப்டி வருது?"

"கட்டர்லதான் இன்னாவோ ஆயிருக்குதுக்கா."

தேய்க்கும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்புக்குக் காரணம் இருந்தது. கட்டர்களை முன்பெல்லாம் பஸ் பார்சலில் சேலத்துக்கு அனுப்பித் தீட்டி வாங்குவோம். திரும்பி வர ஐந்து நாள் ஆகும். அண்மையில்தான் அக்கா அதை நிறுத்திவிட்டு, எதிர்க் கொட்டகையில் சாமி சிலை செதுக்கும் சிற்பியிடம் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அவர் தீட்டிய உளியை முன்கையில் வைத்து இழுத்தால் முடி சுத்தமாக வழிந்து வரும். இந்தப் பக்கத்தில் அவர் கைக்கு யாரும் குறை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா முடிவைச் சொன்னார். திங்கள் முதல் மெஷினுக்கு வேறு ஆள். இவர் பழையபடி தேய்க்கப் போகலாம்.

"தேய்ப்புன்னா நான் வரலக்கா. அந்தத் தூளு எனக்கு நெஞ்சுல இழுக்குது. கரும்புக்கே போய்க்கிறேன்" என்றார் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. தலையிலிருந்த மரச் சீவலை எடுத்துக்கொண்டே சொன்னார்.

யார் பக்கம் சரி என்று எனக்குத் தெரியவில்லை. இது எப்போது தொடங்கியது என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினேன். டீக்கடைக்காரர் ஊருக்குப் போயிருந்ததால் முந்தைய சாக்கும் அங்கேயே கிடந்தது. சாக்கில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இரண்டு சாக்கையும் கொட்டாமல், மேலிருந்து பிடிபிடியாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன்.

பழைய சாக்கின் அடியில் இருந்தவை கணு விழுந்ததாலும் விரிசல் விட்டதாலும் ஒதுக்கப்பட்டவை. அவற்றில் வரப்பு இல்லை. அதற்கு மேலே ஓரிடத்தில் நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் கோடு தொடங்கியது. நான் எதிர்பார்த்தபடி அது கொஞ்சம் கொஞ்சமாக வளரவில்லை. சில பிடிகளுக்கு ஒரே அளவில் இருந்தது, திடீரென்று தடித்தது, மறுபடி சில பிடிகளுக்கு அதே அளவு.

அந்தப் பெண் என் அருகே குந்தி உட்கார்ந்து, தடிப்பு மாறும் இடத்திலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார்.

"இது கறுப்பு ரேகை ஓடின மரம் சார். கட்டர் தீட்டி வந்ததும் மொதல்ல போட்ட பலகை." அடுத்த தடிப்பையும் பார்த்தார். "இதுவும் தீட்டி வந்த அன்னிக்குத்தான்."

"பலகை முளையில் உட்காராவிட்டால் எப்படி வரும்?" என்று கேட்டேன்.

எழுந்து போய், வேண்டுமென்றே பலகையைச் சற்று விலக்கி வைத்து ஒரு வளையம் வெட்டிக் கொண்டுவந்தார். அதில் ஒரு பக்கம் மேல்பாதி வெளியே துருத்தியது. நேர் எதிர்ப்பக்கம் கீழ்ப்பாதி துருத்தியது. சாக்கிலிருந்த வளையங்களிலோ வரப்பு சுற்றிலும் ஒரே அளவு. பலகை நகர்ந்திருந்தால் அப்படி வராது.

ஆனால் முடியை வழிக்கும் கூர்மை எப்படி வரப்பை உண்டாக்கும்? அக்காவையும் அழைத்துக்கொண்டு மூவரும் எதிர்க் கொட்டகைக்குப் போனோம். சிற்பி ஒரு குதிரையின் பிடரியைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா, பேப்பர் சாரே நேர்ல வந்துட்டாரு. பேட்டியா?"

கட்டரை எங்கள் முன்னால் ஒருமுறை தீட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். மகிழ்ச்சியோடு வாங்கினார். வளைந்த உளிகளுக்கு வைத்திருக்கும் உருண்டைக் கல்லை எடுத்து, கட்டரின் சாய்வான பக்கத்தில், வளைவுக்குள் வைத்து இழுத்தார். சத்தம் ஒரே சீராக வந்தது. கடைசியில் தட்டையான முகத்தை ஒருமுறை மட்டும் கல்லில் தொட்டு எடுத்தார்.

"அண்ணே, அந்தப் பக்கந்தான் தீட்டுவீங்களா?" என்றார் அந்தப் பெண்.

"வேற எந்தப் பக்கம்? உளிக்குச் சாய்வுதாம்மா. தட்டைப் பக்கத்துல கை வெச்சா உளி செத்துச்சு."

"வளைவு சாய்வுப் பக்கந்தானே இருக்குது. அதையே தேச்சா வளைவு கரையாதுங்களா?"

அவர் கட்டரைத் திருப்பி வளைவைப் பார்த்தார்.

அக்காவின் மேஜை டிராயரில் மெழுகுத்தாள் பிரிக்காத புது ஜோடி ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்தோம். சிற்பியே புதியதையும் பழையதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். புதியதைவிடப் பழையதன் நுனி நன்றாகக் கரைந்திருந்தது. வளையத்தின் நடுப்பகுதியைச் செதுக்க வேண்டியது அந்த நுனிதான்; அது கரைந்ததால் நடுவில் மிஞ்சிய மரம்தான் வரப்பு. உளியில் சாய்வைத் தேய்த்தால் கூர் மட்டும் மாறும். இந்தக் கட்டரில் வளையத்தின் வடிவமே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தீட்ட வேண்டியது தட்டையான முகத்தை.

"கூரு இருக்குது, வளைவு போயிடுச்சு" என்றார் சிற்பி. "நாந்தான் தின்னுட்டேன். இனிமே அது பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

புது ஜோடியை மாட்டி வெட்டிய வளையத்தில் வரப்பு இல்லை. அக்கா அதை மூன்று முறை நகத்தால் சுற்றிப் பார்த்தார்.

"சரி, திங்கக்கிழமை மெஷினுக்கே வா."

அந்தப் பெண் தலையாட்டவில்லை. "இது மழுங்கினா யாரு தீட்டுவாங்க?"

"சேலத்துக்கே அனுப்பிடலாம்."

"அனுப்பினா அஞ்சு நாளு மெஷின் நிக்கும். அந்த அஞ்சு நாளும் என்னைய தேய்ப்புலதான உக்கார வெப்பீங்க?"

அக்கா நினைத்திருந்தது அதைத்தான்.

"நானே தீட்டுறேங்க்கா. கட்டர் என் கைலயே இருக்கட்டும்."

"கெடுத்துட்டா?"

"கெடுத்தா அப்ப கரும்புக்குப் போறேன்."

அடுத்த சில நாள் ஓடையோரத்திலிருந்து வந்த மரம் மெஷினில் ஓடியது. பலகை ஓரத்துப் பட்டையில் மணல் ஏறியிருந்தது. புதுக் கட்டர் சீக்கிரமே மழுங்கியது. மரம் கருகும் வாசனை வந்ததும் அந்தப் பெண் மெஷினை நிறுத்தினார். கட்டர்களைக் கழற்றி, டீசலில் ஊற வைத்துப் பிசினைத் துடைத்தார். தட்டையான முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசினார். கல்லில் அந்த முகத்தைப் படுக்க வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பத்து இழுப்பு. மற்றதற்கும் அதே பத்து. மை முழுக்கப் போயிருந்தால் முகம் கல்லில் சரியாகப் படிந்தது என்று பொருள். ஒன்றின் மூலையில் கொஞ்சம் மை மிஞ்சியது. விரலை அந்தப் பக்கம் நகர்த்தி மறுபடி பத்து. மற்றதை எடுத்து அதற்கும் பத்து; இரண்டும் ஒரே அளவில் தேய வேண்டும்.

வாசலில் நின்ற சிற்பி, "இன்னா தங்கச்சி, தீட்டுறியா, தோசை திருப்புறியா?" என்றார்.

"தோசைதாண்ணே. உங்களுக்கு இல்ல."

கட்டர்களை மாட்டி ஒரு வளையம் வெட்டினார். அக்கா கையை நீட்டினார். அந்தப் பெண் கொடுக்காமல், தூளை ஊதிவிட்டு, வளையத்தின் இடுப்பை நாக்கின் நுனியால் சுற்றிப் பார்த்தார். நகத்தைவிட நாக்குக்கு நன்றாகத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முகத்தைச் சுளித்தார்.

"இருக்குதா?" என்றார் அக்கா.

"கசக்குதுக்கா. வேற ஒண்ணும் இல்ல."

வளையத்தை அக்கா கையில் வைத்துவிட்டு, அடுத்த பலகையை எடுத்தார்.