கொடையாளி ஒரு பெண்

என் அண்ணி பல் கட்டுகிறவர். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, ஈறும் பல்லுமாகச் செட் செய்து கொடுக்கிற பட்டறையில் வேலை. இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. எல்லாரும் கைபேசியில் தேடிப் படிக்கிறோமே, அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் யாருடைய வாழ்க்கைக் குறிப்பு இருக்கலாம், யாருடையது போகலாம் என்று விவாதித்து முடிவெடுக்கிற, ஒருவரை ஒருவர் முகம் பார்த்தறியாத கூட்டத்தில் அவரும் ஒருவர். வெட்டித் தள்ளுவதால் அங்கே அவருக்குப் பட்டப்பெயர் கத்தரி.

அந்தக் கத்தரிக்குச் சொந்தம், அந்நியம் கிடையாது. எங்கள் பெரியப்பா சங்கத் தலைவராக இருந்தவர், மாலையும் மேடையுமாக வாழ்ந்தவர். தன்னைப் பற்றித் தானே பக்கம் பக்கமாக எழுதி அதில் ஏற்றிவிட்டார். அண்ணி நீக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பா வாசலில் நின்றார்.

"மருமகளே, வீட்டு ஆளுக்கே வேட்டா?"

"மாமா, நீங்களும் உங்களுக்கு வேண்டியவங்களும் எழுதினது செல்லாது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ரெண்டு மூணு பேரு, நம்பகமான பத்திரிகையிலயோ புத்தகத்திலயோ உங்களைப் பத்தி விரிவா எழுதியிருக்கணும்."

"சம்பந்தமே இல்லாதவன் என்னைப் பத்தி எதுக்கும்மா எழுதப் போறான்?"

"அதைத்தான் மாமா அவங்களும் கேக்கறாங்க."

பெரியப்பா காப்பி குடிக்காமலே போனார். அண்ணி அசரவில்லை. பாசத்துக்காக ஒரு பக்கத்தை விட்டுவைத்தால் நாளைக்கு எதை நம்பிப் படிப்பது என்பார்.

அப்படிப்பட்டவரின் முன்னால்தான் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஒரு பெண்ணைப் பற்றி ஏழெட்டு வரிகள். அவருடைய ரத்த வகை உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் உண்டு என்றும், கேட்ட இடத்துக்கெல்லாம் அவர் கொடுத்து வருகிறார் என்றும் எழுதியிருந்தது. ஆதாரம் ஒன்றும் இல்லை. எழுதியவர் அந்தப் பெண்ணின் தங்கை. அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதற்குள் இரண்டு பேர் 'நீக்கலாம்' போட்டாகிவிட்டது. அதில் ஒருவர், "இன்று ஓட்டுநர், நாளை நடத்துநரும் வருவார்" என்று கிண்டல் வேறு செய்திருந்தார்.

தானே தேடிப் பார்க்காமல் அண்ணி எதற்கும் ஓட்டுப் போடமாட்டார். தேடினார். தேடத் தேட அவர் முகம் மாறியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

"தம்பி, இங்க வாயேன். இதைப் பாரேன்."

பெரிய மருத்துவ இதழ்களில் அந்த ரத்தத்தைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாம் அறிவியலாளர்கள், சொந்தக்காரர்கள் அல்ல. ஒன்றில், அந்த ரத்தம் உறைந்த நிலையில் கடல் தாண்டிப் பறந்த கதை இருந்தது. பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தைக்கு அது ஏற்றப்பட்டது, குழந்தை பிழைத்தது. எல்லாம் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. எல்லாக் கட்டுரையிலும் 'கொடையாளி ஒரு பெண்' என்பதோடு சரி.

"இவங்கதான் அவங்கன்னு எப்படிக் காட்டறது?" என்றார் அண்ணி, என்னிடமல்ல, தனக்குத்தானே. பிறகு விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தார். கட்டுரைகளில் வருபவர் இவர்தான் என்பதற்கு ஆதாரமில்லை, நீக்கலாம் என்று எழுதினார்.

தங்கை பொரிந்து தள்ளிவிட்டார். "எங்க அக்கா பெரிய ஆளில்லன்னு சொல்ல நீங்க யாருங்க? நேர்ல வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று எழுதி, பேருந்து நிற்கிற கொட்டகைக்கு வழியும் போட்டிருந்தார். பார்த்தால், பக்கத்து ஊர்.

கலைக்களஞ்சியக்காரர்கள் யாரும் ஆளை நேரில் போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த வாரம் அண்ணிக்கு வேலை ஓடவில்லை. மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் பதிக்கப் போனாராம். விடுமுறை நாளில் என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

கொட்டகையில் ஒரு வாட்டசாட்டமான பெண், முழங்கை வரை தடித்த கையுறை போட்டுக்கொண்டு, டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க நீக்கச் சொன்னவ" என்றார் அண்ணி.

டிரைவரக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கை பக்கம் திரும்பினார். "எதை நீக்கச் சொன்னாங்க? என்னடி பண்ணி வெச்சிருக்க?"

விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னைப் பத்தியா? எதுக்குடி?"

"நீ செய்யறது ஒருத்தருக்கும் தெரியலையேக்கா" என்றார் தங்கை.

டிரைவரக்கா எங்களைப் பேருந்துப் படியில் உட்கார வைத்தார். "என் பையன் பொறந்தப்பதாங்க தெரிஞ்சுது. ரத்தம் ஏத்தணும்னாங்க. எந்த ரத்தத்தை எடுத்துப் பாத்தாலும் என்னோடதோட சேரல. எப்படியோ பொழைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் எங்கெங்கயோ அனுப்பிக் கண்டுபிடிச்சாங்க. இவளையும் சோதிச்சாங்க. கூடப் பொறந்தவளுக்கே இல்ல."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கே தேவைப்பட்டா?" என்று கேட்டார் அண்ணி.

"என்னோடதையே கொஞ்சம் எடுத்து உறைய வெச்சிருப்பாங்க. அதான் இருக்கு. கொடுக்கக்கூடிய வேற ஆள் இன்னும் கிடைக்கல. அதனால பாத்து நடந்துக்கறேன்." மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி சொன்னார்.

அண்ணி கொஞ்சம் தயங்கினார். "வெளிநாட்டுல ஒரு குழந்தைக்குப் போச்சே..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வியந்தார் டிரைவரக்கா. "அது எனக்குன்னு வெச்சிருந்ததுங்க. அப்ப எனக்குக் காய்ச்சல். புதுசா எடுக்க முடியாதுன்னாங்க. சரி, இருக்கறதை அனுப்பிருங்கன்னுட்டேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாம? மறுபடி எடுத்து வெக்கற வரைக்கும் பஸ்ஸை எறும்பு மாதிரி ஊர்ந்துதான் ஓட்டினேன். பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சு போனான்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. அந்தக் கையுறை போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரின் பட்டம், பதவி, பரிசுகளைப் புரட்டிப் பார்த்து 'போதாது' என்று எழுதியவர்.

கடைசியில் சொன்னார்: "ஒரு நிருபர்கிட்டச் சொல்லி உங்க பேரோட பத்திரிகையில வந்தா, அப்புறம் பக்கம் நிக்க வழி இருக்கு."

"அய்யோ வேண்டாம்மா. கொடுக்கறவங்க பேரு வாங்கறவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. யாராவது தேடி வந்து கால்ல விழுந்தா நான் எங்க போய் ஒளியறது?" என்று எழுந்தவர், நின்றார். "ஆனா ஒண்ணுங்க. என்னை மாதிரி இன்னும் சில பேரு எங்கயாவது இருப்பாங்க. அவங்களுக்கே அது தெரியாது. அதை எழுத முடியுமா?"

"முடியும்" என்றார் அண்ணி.

பக்கத்தை நீக்கச் சொல்லித் தங்கையே எழுதிவிட்டார். அது போனது. பிறகு அண்ணி அந்த ரத்த வகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். வெட்டியே பழகின கை. ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் படாத பாடு பட்டார். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வைத்தார். யாருக்குமே பொருந்தாத ரத்தம் வந்தால் பரிசோதனைக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தார். துணிக்கடை வேலை முடிந்து வந்து தங்கை படித்துப் பார்த்துப் புரியாத இடத்தைச் சொல்வார், அண்ணி திருத்துவார். 'நீக்கலாம்' என்று ஒருவரும் வரவில்லை. அந்த நடத்துநர்க் கிண்டல்காரர் வந்து, சத்தமில்லாமல் எழுத்துப் பிழை திருத்திவிட்டுப் போனார்.

பல மாதம் கழித்து, அந்தக் கட்டுரையைப் பற்றிப் படிப்பவர்கள் கேள்வி கேட்கிற பேச்சுப் பக்கத்தில் யாரோ ஒரு பரிசோதனைக்கூட ஊழியர் கேட்டிருந்தார்: "எங்களிடம் வந்த ஒருவரின் ரத்தம் எதோடும் சேரவில்லை. இங்கே எழுதியிருப்பது போலவே இருக்கிறது. யாரைக் கேட்பது?" அண்ணி உடனே ஆய்வுக்கூடங்களின் முகவரியைக் கொடுத்தார். அதோடு பேச்சு நின்றது. அண்ணி மட்டும் தினமும் அங்கே போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அண்ணியை அழைத்துவரப் பட்டறைக்குப் போனேன். வாசலில் கைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மூக்கில் பல் செய்கிற மாவு அப்பியிருந்தது.

"தங்கச்சி பேசினா. ஆஸ்பத்திரியிலேர்ந்து அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாங்களாம். இன்னொருத்தர் கிடைச்சுட்டாங்க தம்பி. அக்கா ரத்தத்தோட சேருது. கொடுக்கவும் சம்மதிச்சுட்டாங்களாம்."

"யாரு அண்ணி? எந்த ஊரு?"

"தெரியாது. சொல்ல மாட்டாங்க. எங்கயோ ஒருத்தர் இருக்காங்க, அவ்வளவுதான்."

வண்டியில் ஏறச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. பை தூக்கியவர்கள், சைக்கிள் தள்ளுபவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள். அண்ணி அங்கேயே நின்று, ஒரு முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.