மலை பார்த்த அறை

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜை உண்ணாமுலையுடையது. பௌர்ணமி அன்று தலை நிமிர நேரம் இருக்காது. மற்ற நாட்களில் மேஜைக்கு முன்னால் வெயில் வரும், நகரும், போகும்.

அப்படி ஒரு வெறும் மத்தியானத்தில், போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதுவாகவே அடுத்து ஒரு ஜப்பான் அனிமே துண்டு ஓடியது. ஒரு பெண் நூடுல்ஸ் கிளறுகிறாள். ஆவி எழுந்து அவள் கண்ணாடியில் படிகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். அவ்வளவுதான். அந்த ஆவியை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பது உறைக்க உண்ணாமுலைக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்தபின் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம், அதற்குள் ஒரு தபால் அறை, அதில் வேலைக்கு வந்த பெண். தொடர் அதைப் பற்றியது. பெரிதாக எதுவும் நடக்காது. கீழே ஓடும் ஆங்கில வரிகளை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசிப் பாகம் முடிந்தபோது, இதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. கணவன் சகாதேவனிடம் சொன்னாள். டவுனில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். அதில் சண்டை வருமா என்று கேட்டான். வராது என்றாள். பிறகு அவன் கேட்கவில்லை.

இணையத்தில் அந்தத் தொடரின் ரசிகர்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள். சேர்ந்தபின் மாதக்கணக்கில் அவள் ஒன்றும் எழுதவில்லை. படித்தாள். முடிவை வெளிப்படையாகச் சொன்னவர்களைத் திட்டினார்கள். அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று போட்டவரை வெளியே அனுப்பினார்கள். எல்லாம் தெரிந்ததுபோல் எழுதியவர்களுக்குப் பதில் வரவில்லை. தெரியாமல் கேட்டவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

கடைசியில் அவளும் ஒன்று கேட்டாள். அவளுக்குத் தடுமாறாமல் எழுத வரும் ஆங்கிலம் ஒன்றே ஒன்று, லாட்ஜ் சுவரில் ஒட்டும் அறிவிப்புகளின் ஆங்கிலம். அதிலேயே எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “மதிப்பிற்குரிய விருந்தினர்களின் கனிவான கவனத்திற்கு. நான்காம் பாகத்தில் தபால் பெண் கதவைச் சாத்தும் முன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். காரணம் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இப்படிக்கு, நிர்வாகம்.”

நிர்வாகம் என்பது கைப்பழக்கத்தில் விழுந்தது.

மாலை திறந்து பார்த்தபோது பதில்கள் இறங்கிக்கொண்டே போயின. முதலில் சிரித்திருந்தார்கள். பிறகு அந்தத் திரும்பிப் பார்த்தலைப் பற்றி நிஜமாகவே பேச ஆரம்பித்திருந்தார்கள். பெரு நாட்டிலிருந்து ஒருத்தி, நானும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் என்று எழுதியிருந்தாள். உண்ணாமுலை வரைபடத்தில் பெருவைத் தேடினாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. முகம் கழுவும் முன்னால் ஒருத்தி தனக்குப் பதில் எழுதியிருக்கிறாள்.

அன்றிலிருந்து குழுவில் அவள் பெயர் நிர்வாகம். ஏதாவது வாக்குவாதம் என்றால், நிர்வாகம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பார்கள். லாட்ஜில் அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அங்கே நிர்வாகம் முதலாளி கோதண்டராமன்.

ஐப்பசியில் அவள் முதன்முறையாக ஒரு படம் போட்டாள். கடைசிப் பாகத்தில் பெண் பிளாட்பாரத்தில் நிற்கும் இடம். பின்னால் மலை. தொடரை நிறுத்தி வைத்துப் பார்த்து வரையவில்லை. பார்த்து வரைந்தால் அது ஜெராக்ஸ் என்று அவள் நினைத்தாள். நாள் முழுக்க அவள் ஜெராக்ஸ்தான் எடுக்கிறாள். பழைய கட்டணத் தாளின் பின்பக்கத்தில், நீல பால்பாயிண்ட் பேனாவால், மனசில் இருந்ததை வரைந்தாள். பிறகு விருந்தினர்களின் ஆதார் அட்டையை எப்படி எடுப்பாளோ அப்படியே, போனில் உள்ள ஸ்கேன் செயலியில் எடுத்தாள். அது நிழலை நீக்கி, கசங்கலை நீக்கி, தாளைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கித் தந்தது. சுத்தமாக இருந்தது. அப்படியே போட்டாள்.

அன்று மாலைவரை பாராட்டுகள் வந்தன. பிறகு கறுப்புக்குடை என்ற பெயரில் எழுதும் ஒருவர் வந்தார். இது மனிதக் கை வரைந்ததல்ல, கணினியிடம் சொல்லிச் செய்தது என்றார். தாளின் நார்கூடத் தெரியவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, மலை தப்பு என்றார். தொடரில் வரும் மலை இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இறங்கும் கூம்பு. ஆயிரம் தடவை பார்த்த ரசிகர் அதைத் தப்பாக வரைய மாட்டார், இயந்திரம்தான் வரையும்.

பாராட்டியவர்களில் பலர் மௌனமானார்கள். சிலர் பாராட்டை எடுத்துவிட்டார்கள். குழுவை நடத்துபவர்களில் ஒருவர் படத்தை மறைத்துவைத்து, மரியாதையாகவே எழுதினார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் அசல் தாளின் புகைப்படம் வேண்டும், மலைக்கு விளக்கமும் வேண்டும். இல்லையென்றால் நிர்வாகம் என்ற பெயரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்.

அவள் தொடரைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கறுப்புக்குடை சொன்னது சரி. அங்கே கூம்பு. இவள் வரைந்ததில் இடதுபக்கம் நீண்டு படுத்திருந்தது, வலதுபக்கம் சட்டென்று விழுந்தது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே தோள்போல இன்னொரு முகடு. வரைந்தபோது தெரியவில்லை. இப்போதும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சகாதேவன் சாப்பிட்டுக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தான்.

“ஜப்பான்காரன் போட்ட மலைய நீ ஏன் மாத்துன?”

“நான் எங்கங்க மாத்துனேன். கை மாத்தியிருக்கு.”

“அப்ப கைய அனுப்பு, அதுவே வந்து பதில் சொல்லட்டும்” என்றான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் அசல் தாளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பியும் பார்த்துவிட்டாள். அச்சடித்த தாளை யார் வேண்டுமானாலும் கசக்கலாம் என்று கறுப்புக்குடை பதில் போட்டிருந்தார். லாட்ஜில் அறை துடைக்கும் பொன்னி, வாளியோடு போனவள் நின்றாள்.

“இன்னாக்கா, அந்தப் பெரிய கண்ணுக்காரிய வரைஞ்சிகினியா?”

“ஆமா.”

“கண்ணு ஜாஸ்தி, மூக்கு கம்மி. யாரு பொண்ணு எடுப்பாங்க இவள?” குனிந்து பார்த்தாள். “மலைய மட்டும் சரியா போட்டுகிற.”

“எந்த மலை?”

“எந்த மலையா? தெனம் பெட்ஷீட் காயப்போடறனே, மாடியில. அங்கேர்ந்து பாத்தா இப்பிடித்தான. டவுன்லேர்ந்து பாத்தா வேற மாரி இருக்கும். இது நம்ம பக்கத்து மலை.”

உண்ணாமுலை எழுந்து மாடிக்குப் போனாள். கொடியில் ஈரத் துணிகள். அதற்கு அப்பால் வெள்ளையாக மேகம். மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறந்த நாளிலிருந்து பார்த்ததை, வந்தவர்களுக்கெல்லாம் மலை தெரியும் அறை என்று சொல்லி விற்றதை, தன் கை தனக்குச் சொல்லாமல் வரைந்திருக்கிறது. ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தாளும் மலையும் ஒரே படத்தில் வர வேண்டும். ஆனால் மலை வரவில்லை. சனிக்கிழமை முழுக்கத் தூறியது. அறை எடுத்திருந்த சென்னைக் குடும்பம் ஒன்று, மலை தெரியும் என்று சொன்னீர்களே என்று சண்டைக்கு வந்தது. மலை அங்கேதான் இருக்கிறது, மேகத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றாள். ஞாயிறு காலையும் அப்படியே. பழைய புகைப்படம் எதையாவது அனுப்பலாமே என்று சகாதேவன் போனில் சொன்னான். அதையும் இயந்திரம் செய்தது என்பார்கள் என்றாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி வைத்தாள்.

சாயங்காலம் பொன்னி படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அக்கா, தொறந்துகிச்சி.”

அவள் தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். மேகம் நடுவில் கிழிந்து, முதலில் தோள் தெரிந்தது, பிறகு உச்சி. மழையில் நனைந்த பாறை சாய்ந்த வெயிலில் மின்னியது. தாளைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பொன்னி பிடித்தாள். உண்ணாமுலை போனோடு பின்னால் போனாள், கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தாள், குனிந்தாள். பேனாக்கோடு முடிந்த இடத்தில் மலை தொடங்கியது. தாளுக்கு உள்ளே வந்த சரிவு தாளுக்கு வெளியே அப்படியே இறங்கிப் போனது.

“பாத்துக்கோ, என் வெரலு தெரியுது” என்றாள் பொன்னி.

“தெரியட்டும்.”

இந்த முறை ஸ்கேன் செயலியைத் தொடவில்லை. பொன்னியின் கட்டைவிரல், தாளில் டீ டம்ளர் பதிந்த வளையம், பின்பக்கத்திலிருந்து மங்கலாகத் தெரியும் இரட்டைப் படுக்கை அறைக் கட்டணம், எல்லாம் இருந்தன. கீழே எழுதினாள்: “விருந்தினர்களின் கனிவான கவனத்திற்கு. மலையை மாற்றியது நிர்வாகத்தின் கவனத்துக்கு வராமல் நடந்தது. இது எங்கள் லாட்ஜ் மாடியிலிருந்து தெரியும் மலை. நிர்வாகம் வேறு மலை பார்த்ததில்லை. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.”

போட்டு முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

ஒரு பஸ் கூட்டம் வந்து இறங்கியது. சாவி கொடுத்து, வெந்நீர் நேரம் சொல்லி, ஆதார் வாங்கி முடித்தபின்தான் பார்க்க முடிந்தது. படம் திரும்ப வந்திருந்தது. நடத்துபவர் ஒரே வரி எழுதியிருந்தார், நிர்வாகம் நீடிக்கும் என்று. அதற்குக் கீழே பெரு நாட்டுக்காரி ஒரு படம் போட்டிருந்தாள். அதே தபால் பெண், அதே பிளாட்பாரம், பின்னால் தன் ஊர் மலை, தலையில் பனியோடு. அதன் கீழே இன்னொருவர் தன் மலையை வரைந்திருந்தார். பிறகு யாரோ தன் ஊரின் மணல்மேட்டை. நெதர்லாந்தில் ஒருவர், எங்களுக்கு மேடே கிடையாது என்று சொல்லி, பெண்ணுக்குப் பின்னால் ஒரு காற்றாலையை நிறுத்தியிருந்தார். படங்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனை ஊரிலும் அந்தத் தபால் பெண் ஒருத்தியே, பையோடு, ரயிலுக்குக் காத்து நின்றாள்.

உண்ணாமுலை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனாள். பொன்னி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். இவர்கள் எல்லாரும் நம் மாடியைப் பார்த்துவிட்டார்களா என்று கேட்டாள். பார்த்துவிட்டார்கள் என்றாள் உண்ணாமுலை. பொன்னி தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாகக் கறுப்புக்குடை வந்திருந்தார். அவர் வரையவில்லை. தன் அறை ஜன்னலைப் புகைப்படம் எடுத்துப் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சாம்பல் நிறச் சுவர். எழுதியிருந்தார்: “எனக்குத் தெரிவது இதுதான். மன்னிக்கவும்.”

அதை அவள் வெகுநேரம் பார்த்தாள். வாசலில் ஒருவர் அறை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டுக் கறுப்புக்குடைக்குப் பதில் எழுதினாள்:

“விருந்தினருக்கு. மலை பார்த்த அறை காலியாக உள்ளது, பௌர்ணமி நீங்கலாக. மேகத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.”