சிட்டுவிடம் வாங்கிய சத்தியம்

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. படுக்கையறையில் மாத்திரை மயக்கத்தில் கிடந்தவள் திடுக்கிட்டுக் கண் விழித்தாள். சிரிப்பது அவள் புருஷன். அதுவும் வயிறு குலுங்க.

லிஃப்ட் பழுது பார்க்கிற அந்த மனிதர் இப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. அவள் மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வாயை மூடியவர். இன்று திறக்க வைத்தது யார்?

வேறு யார், சிட்டுதான். கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கிறவள். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை; அதை வாடிக்கையாளர் மூக்கில் மாட்டிவிடுவது சிட்டுவின் வேலை. இப்போதும் கடைக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, இதில் என் சம்சாரம் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறாள், பழசையே கொடுத்துவிடுங்கள் என்றாராம்.

நல்ல வேடிக்கைதான். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையா? தானே பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டின் மேல் தனக்கே பொறாமையா?

ஆமாம், ஏற்பாடுதான். நோய் எலும்புக்குப் போன புதிதில், தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சிட்டுவின் கையைப் பிடித்து அவள் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். நான் போன பிறகு அவரை நீ கட்டிக்கொள்ள வேண்டும்; தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன், பிள்ளையும் இல்லாத வீடு, தனியே விட்டால் தவித்துப் போவார். கட்டியவன் கைவிட்டுத் தனிக்கட்டையாக நின்ற சிட்டு, அழுத அழுகையில் தலையை ஆட்டிவிட்டாள். புருஷனுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. அன்றிலிருந்து அவள் சிட்டுவுக்குப் பாடம் நடத்தினாள். டீக்கு எவ்வளவு சர்க்கரை, எதற்குக் கோபம் வரும், வந்தால் எப்படிப் பேச்சை மாற்றுவது, எல்லாம்.

எல்லாம் தயார். சாவுதான் வரவில்லை.

புது மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு எடுத்த ஸ்கேனிலெல்லாம் நோய் நின்ற இடத்திலேயே நின்றது. அப்படியானால் குணமாகிவிட்டதா என்று கேட்டாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது போகாதும்மா. கட்டிப்போட்டு வெச்சிருக்கோம், அவ்வளவுதான். சிலருக்குப் பல வருஷம் இப்படியே ஓடுது. சிலருக்கு மாத்திரை சீக்கிரமே கேக்காம போயிடுது. நீங்க எந்தப் பக்கம்னு எனக்கே தெரியலை."

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அன்றிலிருந்து அவளுக்குக் குழப்பம்.

சிட்டு டீயோடு உள்ளே வந்தாள். சர்க்கரை எங்கே என்று யாரையும் கேட்டிருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மென்று விழுங்கிச் சொன்னாள். கடைக்குப் பக்கத்து பேக்கரியில் வேன் ஓட்டுகிறவர் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறாராம். தங்கமான மனுஷனாம். பதிலுக்குக் காத்திருக்கிறாராம்.

"நான் என்னக்கா சொல்லட்டும்?"

"ஏண்டி, நான் எப்ப சாவேன்னு கேக்க வந்தியா?"

சொன்ன வாயை அப்போதே கடித்துக்கொண்டாள். சிட்டு தரையைப் பார்த்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும்னுதான் தினமும் வேண்டிக்கிறேன். இப்பல்லாம் அது உங்களுக்காகவா, எனக்காகவான்னு எனக்கே புரியலைக்கா."

அவள் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். போ என்று சொன்னால், நாளைக்கு மாத்திரை கைவிட்டால், அந்த மனிதருக்கு யார்? இரு என்று சொன்னால், உயிரோடு இருக்கிற ஒருத்தியைத் தன் சாவுக்காகக் காக்க வைப்பதா? இன்னும் பல வருஷம் தான் இருந்துவிட்டால், இவள் தலை நரைக்கும்வரை அந்த பேக்கரி வாசலில் வேன் நிற்குமா?

டீ ஆடை கட்டியது. சிட்டு எழுந்தாள். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடவே வாசல்வரை வந்தாள். கூடத்தில் புருஷன், அதற்குள் என்ன அவசரம், உட்காரேன் என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு சிட்டு கிசுகிசுத்தாள். "அடுத்த ஸ்கேன் வரட்டும்கா. அதைப் பார்த்துட்டு வேன்காரர்கிட்ட சொல்றேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். ஸ்கேனுக்கு முன்னாடியே சரின்னு சொல்லிடு. நீ கொடுத்த சத்தியத்தை நான் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"அப்ப உங்களுக்கு ஏதாவது ஆனா, அவருக்கு..."

"தெரியாது. போ."

சிட்டு அவள் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமலே திரும்பி, விறுவிறுவென்று படியிறங்கினாள். தாராள மனசில் விட்டுக்கொடுத்தோமா, இல்லை, புருஷனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டோமா? அவளுக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

காலடிச் சத்தம் தேய்ந்ததும் கதவைச் சாத்தினாள்.