பாதி மூக்கில் ஒரு மாம்பழம்

வாய்மொழிச் சிங்களச் சோதனைக்கு இன்னும் மூன்று நாள். இந்த முறையும் தவறினால் என் தபாற்கந்தோர் வேலை போய்விடும்.

இன்று நயினாதீவு லோஞ்சில், விகாரைக்குப் போகும் சிங்களப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் இருந்தார். மாம்பழத்துக்கான சிங்களச் சொல்லை, "அம்ப" என்று, சொல்லிக் காட்டினேன்.

"'ம்'மில் இவ்வளவு நேரம் நிற்காதீர்கள். பாதி மூக்கில் தொட்டதும் விடுங்கள்," என்றார் சிங்களத்தில்.

காதுக்குப் பிடிபட்டது. வாய் கேட்கவில்லை. "அம்ப, அம்ப" என்றே பாதிக் கடலைக் கடந்தேன்.

லோஞ்சு ஓட்டுபவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, மாங்காய்க்கு உப்பும் தூளும் கொண்டரட்டோ?"

துறை வந்ததும் அந்தப் பெண்மணி எழுந்து, "சரி, சரி," என்றார். நான் சரியாகச் சொன்னேனா, அவருக்கு இறங்க அவசரமா?

பரீட்சகருக்கு அந்த அவசரம் இராது. சோதனை தாண்டியவர்களே, உங்கள் வாய் எப்போது வழிக்கு வந்தது?