வாசக்காலில் இருந்த மஞ்சள்

வெளிநாட்டு விருந்தாளியைக் கிருத்திகை நாளாகப் பார்த்து வரச் சொன்னேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். காவடிக் கூட்டத்தில் சிக்கி, கனகம்மாசத்திரத்திலேயே கார் நின்றுவிட்டதாக டிரைவர் போன் செய்தார். அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தெருமுனைக்குப் போவேன், காவடிக் கூட்டத்தைப் பார்ப்பேன், திரும்பி வந்து வாசக்காலைப் பார்ப்பேன்.

வாசக்காலின் வலப்பக்கம், சற்றுச் சாய்வாக, விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழல் அறைந்திருக்கிறது. ஜெர்மனியில் யூதர்களை வேட்டையாடிய காலத்தில் தப்பி வந்த டாக்டர் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டில் குடியிருந்தது. தங்கள் வீட்டு நிலையிலிருந்து அவர்கள் கழற்றிக்கொண்டு வந்தது அது. உள்ளே அவர்களுடைய வேத வாசகம் எழுதிய தோல் சுருள். ஊரை விட்டுப் போகும்போது எடுக்கப் பார்த்தார்களாம். வாசக்காலில் இருப்பதைப் பிடுங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் பூசும்போது அதற்கும் சேர்த்துப் பூசிப் பொட்டு வைப்பாள். அம்மாவுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. மஞ்சள் காய்ந்து அப்பிக் கிடந்தது.

இன்று வருவது, இந்த வீட்டிலேயே பிறந்த டாக்டரின் மகள். அதை எடுத்துப் போகலாமா என்று கடிதத்தில் கேட்டிருந்தார். அடுத்தவர் சாமியை மஞ்சள் குங்குமமாக்கி வைத்திருக்கிறோமே என்று பட்டது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"எதுக்குங்க இப்படித் தேச்சிகினு இருக்கீங்க? அத்தை பூசினது, இருந்துட்டுப் போவட்டுமே," என்றாள் மனைவி.

"ஆங், உனக்கென்ன. பதில் சொல்லப் போறது நான்தானே."

பித்தளை பளபளத்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியம் தாண்டி, ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். குழலைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டார். பிறகு குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

மஞ்சள் எங்கே என்று கேட்டார். அவர் பேசிய ஆங்கிலத்தில் 'மஞ்சள்' மட்டும் தமிழாக இருந்தது.

அவருடைய தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்: ஓடிய ஊர்களில் எல்லாம் இதை ஒளித்து வைக்கச் சொன்னார்கள், ஒரே ஒரு ஊரில்தான் ஒருத்தி இதற்குப் பொட்டு வைத்தாள்.

வெட்கத்தோடு, நான்தான் தேய்த்துவிட்டேன் என்றேன். மனைவி குப்பைக் கூடையிலிருந்து உப்புத்தாளை எடுத்து வந்து நீட்டினாள். அதன் சொரசொரப்பில் மஞ்சள் ஏறியிருந்தது. அவர் அதை நான்காக மடித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

நான் குழலைக் கழற்ற ஆணியில் கை வைத்தேன்.

"அது அங்கேயே இருக்கட்டும்," என்றார். "உங்கள் அம்மா எடுக்கக் கூடாது என்று சொன்னாரே."